டோக்கியோவிலிருந்து கியோட்டோ: இரண்டு குழந்தைகள், ஒரு மாமியார், நான்கு சூட்கேஸ். அந்த ஒரு நாளை எப்படிக் கடப்பது?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மே மாத நடுவில் பன்னிரண்டு நாள் பயணமாக ஜப்பான் போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகள், நான்கு வயது மகன், அறுபத்தெட்டு வயது மாமியார். கோவையிலிருந்து இவ்வளவு தூரம் குடும்பத்தோடு கிளம்புவது இதுதான் முதல் தடவை.

ஊர் சுற்றும் நாள்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. குழந்தை சிணுங்கினால் அறைக்குத் திரும்பிவிடலாம். என்னைத் தூங்கவிடாமல் செய்வது நடுவில் வரும் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று டோக்கியோ அறையைக் காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும். கியோட்டோ அறை மதியம் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இடைப்பட்ட ஐந்து மணி நேரமும் மூட்டை முடிச்சுகளோடு தெருவில்தான்.

கணவர் போட்டிருக்கும் திட்டம் இது. விடுதி உவேனோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். உவேனோவிலேயே ஷின்கான்சென் அதிவேக ரயில் நிற்கிறதாம். அதிகாலையில் அங்கே ஏறி, கியோட்டோவில் சூட்கேஸ்களை லாக்கரில் வைத்துவிட்டு, ஃபுஷிமி இனாரி கோயிலைப் பார்த்துவிட்டு, மாலையில் அறைக்குப் போய்விடலாம் என்கிறார். அட்டவணையில் எழுதிப் பார்த்தால் எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அட்டவணையில் என் மகன் இல்லை. அவனுக்குக் களைத்துவிட்டால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவான். நடுத்தெருவானாலும் சரி, மாநாட்டுப் பந்தலானாலும் சரி. மகள் அதற்கு நேரெதிர். எப்போதும் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பாள். மாமியாருக்கு முட்டி வலி. சைவம், மீன் வாடையே ஆகாது.

அதிகாலையில் கிளம்புவது நல்லதா, தாமதமாகக் கிளம்புவது நல்லதா? ஏழு நாள் ரயில் பாஸ் வாங்கலாமா? நான்கு சூட்கேஸ்களை என்ன செய்வது? இன்னொன்றும் உண்டு. போன மார்கழியில் கோயில் கூட்டத்தில் மகன் பத்து நிமிடம் காணாமல் போய்விட்டான். அந்தப் பத்து நிமிடம் இன்னும் என் வயிற்றிலேயே இருக்கிறது. அந்த ஊர் ரயில் நிலையக் கூட்டத்தைக் காணொளிகளில் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது.

ரயில்பித்தன்:

போன அக்டோபரில் நானும் மனைவியும் இதே வழியில் போனோம். பாஸ் வேண்டவே வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏற்றிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒருவழிக் கட்டணமே சுமார் 14,000 யென்தான். கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

காலை ஐந்துக்கு எழுந்து ஆறரைக்குள் வண்டி ஏறிவிடுங்கள். நாங்கள் ஒன்பதுக்கு முன்பே கியோட்டோவில் இறங்கிவிட்டோம். ஒரு முழு நாள் மிச்சமாயிற்று. விடுதியிலிருந்து டோக்கியோ ரயில் நிலையத்துக்கு டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கிலோமீட்டர்தான், 2,000 யென்னுக்குள் முடிந்துவிடும். வலப்பக்க ஜன்னல் இருக்கை கேளுங்கள். ஃபுஜி மலை அந்தப் பக்கம்தான்.

எதோகாவாக்காரி:

கும்பகோணத்தில் பிறந்து, பதினோரு ஆண்டுகளாக டோக்கியோவின் நிஷி-கசாயில் குடியிருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை இந்த ஊர் ரயில்களில்தான் வளர்த்தேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நொய்யல்கரை, முதல் வேலையாக உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: உவேனோவில் ஷின்கான்சென் ஏறாதீர்கள். அங்கே நிற்பவை எல்லாம் வடக்கே போகும் வண்டிகள். ஏறி உட்கார்ந்தால் செண்டாய்ப் பக்கம் போய்ச் சேர்வீர்கள். கியோட்டோ வண்டிக்கு டோக்கியோ நிலையம் அல்லது ஷினகாவாதான். டோக்கியோ நிலையத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஷின்கான்சென் நுழைவாயில்கள் இரண்டு தனித்தனி நிறுவனங்களுடையவை. உங்களுக்கு வேண்டியது நீலப் பலகை, 14 முதல் 19 வரையிலான நடைமேடைகள். பச்சைப் பலகையைப் பார்த்து 20 முதல் 23 வரை உள்ள பக்கம் போனால் மறுபடியும் அதே செண்டாய் கதைதான். என் சொந்தத் தம்பியே பச்சைப் பக்கம் போய் நின்றுகொண்டு, "கியோட்டோ வண்டியைப் பலகையிலேயே காணோம் அக்கா" என்று எனக்குப் போன் செய்திருக்கிறான்.

இரண்டாவது, நேரம். ரயில்பித்தன் ஐயா சொல்வது இரண்டு பெரியவர்களுக்குச் சரி. நான்கு வயதுக் குழந்தையை ஐந்து மணிக்கு எழுப்பி மிச்சம் பிடிக்கும் நாளை, பதினொரு மணிக்கு அவன் வட்டியோடு திருப்பி வாங்கிவிடுவான். அதற்காக எட்டு மணிக்கும் கிளம்பக் கூடாது. நான் தினமும் போகும் தோசாய் ரயில் தடத்தில் கிபாவிலிருந்து மொன்சென்-நகாச்சோ வரையுள்ள பகுதியில் 2019ஆம் நிதியாண்டில் காலை நெரிசல் 199 சதவீதம். இருநூறு சதவீதம் என்றால் என்ன என்பதற்கு இந்த நாட்டு அரசு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: உடல்கள் உரசும், நல்ல அழுத்தம் இருக்கும், ஆனாலும் ஒரு வார இதழை எப்படியோ படித்துவிடலாம். அந்த விளக்கத்தை எழுதியவர் பெரியவர்களின் இடுப்பு உயரத்திலிருந்து உலகத்தைப் பார்த்ததில்லை. உவேனோ அவ்வளவு மோசமில்லை என்றாலும், வார நாளில் ஏழரை முதல் ஒன்பது வரை குழந்தையோடு எந்த நடைமேடையிலும் நிற்காதீர்கள். நிதானமாக இட்லியோ ரொட்டியோ ஏதோ ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பதேமுக்காலுக்கு அறையைப் பூட்டுங்கள். பதினொன்றரை வாக்கில் நொசோமி என்ற வகை ஷின்கான்சென் ஒன்றுக்குச் சீட்டு எடுங்கள். கியோட்டோவுக்கு இரண்டேகால் மணி நேரம். இறங்கும்போது இரண்டு மணி ஆகியிருக்கும். அறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பாதியை ரயிலே தின்றுவிடும்.

அடுத்து சூட்கேஸ். அவற்றை உங்களோடு கொண்டுபோகாதீர்கள். இங்கே வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுசேர்க்கும் சேவை இருக்கிறது. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வது போன்ற சின்னத்தை வண்டிகளில் பார்ப்பீர்கள். திங்கட்கிழமை காலையிலேயே விடுதி வரவேற்பறையில் நான்கையும் கொடுத்து, கியோட்டோ விடுதியின் முகவரியையும் முன்பதிவு செய்தவரின் பெயரையும் அங்கே தங்கும் தேதியையும் எழுதிவிட்டால், செவ்வாய்க்கிழமை அங்கே வந்து சேர்ந்துவிடும். அளவைப் பொறுத்து ஒன்றுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும். வீண் செலவு என்று தோன்றும். ஆனால் நான்கு சூட்கேஸ்களுக்கு நான்கு கைகள் போய்விட்டால் உங்கள் மகன் கையை யார் பிடிப்பது? திங்கள் இரவுக்கு வேண்டியதை மட்டும் இரண்டு முதுகுப் பைகளில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மட்டும் இரண்டு மாற்றுடை. பெட்டியைக் கூடவே கொண்டுபோவதானால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கான இருக்கையை முன்கூட்டியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 1,000 யென் கேட்பார்கள்.

டாக்ஸி யோசனை உங்களுக்கு ஒத்துவராது. சாதாரண டாக்ஸியில் ஓட்டுநரைத் தவிர நால்வர்தான். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளைச் சட்டம் இரண்டு பெரியவர்களாகக் கணக்கிடுகிறது. மூன்று பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் அந்தக் கணக்கில் கொஞ்சம் வழிந்துவிடுகிறீர்கள். "மடியில் உட்கார வைத்துக்கொள்கிறோம் அண்ணா" என்பது இங்கே நடக்காது. இரண்டு டாக்ஸி வேண்டும். குடும்பம் இரண்டாகப் பிரியும். அதைவிட உவேனோவிலிருந்து டோக்கியோ நிலையத்துக்குச் சாதாரண ரயிலிலேயே போகலாம். பச்சைக் கோடு போட்ட யாமனோத்தேயும் போகும், வெளிர்நீலக் கோடு போட்ட கெய்ஹின்-தொஹோகுவும் போகும். பத்து நிமிடம்கூட ஆகாது. நிலையத்திலேயே காகிதச் சீட்டு வாங்கினால், 'டோக்கியோ நகர வட்டாரத்துக்குள்' என்ற பொருளில் ஒரு வரி அதில் இருக்கும். அந்த ஷின்கான்சென் சீட்டே உவேனோவிலிருந்து டோக்கியோ வரை செல்லும். தனிக் கட்டணம் வேண்டாம். இருக்கும் இடத்திலிருந்தே கைபேசிச் செயலியில் எடுத்தால் இந்தச் சலுகை கிடையாது.

இருக்கை விஷயம். மகளுக்கு அரை டிக்கெட். மகனுக்கு ஆறு வயது ஆகாததால் மடியில் வைத்துக்கொண்டால் இலவசம். ஆனால் இரண்டேகால் மணி நேரம் யார் மடி? அவனுக்கும் அரை டிக்கெட் எடுத்து இருக்கை வாங்கிவிடுங்கள். ஒரு வரிசையில் ஒரு பக்கம் ஏ, பி, சி. மறுபக்கம் டி, ஈ. ஆக ஐந்து. முழு வரிசையே உங்களுடையது. கழிப்பறைகள் ஒற்றைப்படை எண்ணுள்ள ரயில் பெட்டிகளில் இருக்கின்றன. பதினொன்றாம் பெட்டியில் பெரிய கழிப்பறையும், குழந்தைக்குப் பாலூட்டவோ உடை மாற்றவோ நடத்துநரிடம் கேட்டுப் பயன்படுத்தும் தனியறையும் உண்டு. அந்தப் பெட்டி கிடைத்தால் முட்டி வலிக்காரருக்கும் நல்லது. இருக்கைக்கு அடியில் ஒரு மிதி இருக்கும். அதை அழுத்திக்கொண்டு தள்ளினால் இருக்கை முழுவதும் சுழன்று பின்வரிசையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். இதை மகனிடம் சொல்லாதீர்கள்.

ஏறும் முன்பே சாப்பாடு, தண்ணீர் எல்லாம் வாங்கிவிட வேண்டும். தள்ளுவண்டியில் தின்பண்டம் விற்றுக்கொண்டு வருவதைச் சாதாரணப் பெட்டிகளில் 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். பழைய காணொளிகளை நம்பிப் பசியோடு ஏறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடைசியாக, அன்று ஃபுஷிமி இனாரி வேண்டாம். மலையேறும் கோயில் அது. கியோட்டோ நிலையத்திலேயே 171 படிகள் கொண்ட ஒரு பெரிய படிக்கட்டு இருக்கிறது. பக்கத்திலேயே நகரும் படியும் உண்டு. மாமியார் நகரும் படியில் போகட்டும், பிள்ளைகள் படிகளில் ஓடித் தீர்க்கட்டும். மூன்று மணி வந்துவிடும். அன்றைக்கு அவ்வளவுதான் ஊர் பார்ப்பது.

ரயில்பித்தன்:

டாக்ஸி கணக்கு எனக்குத் தெரியாது. திருத்தியதற்கு நன்றி அம்மா. ஆனால் ஒரு முழு நாளை நகர்வதற்கே விட்டுவிடுவதா? அவ்வளவு பணம் செலவழித்துப் போகிறார்களே!

எதோகாவாக்காரி:

நகர்வதும் பயணம்தான் ஐயா. ரயில்பித்தன் என்று பெயர் வைத்துக்கொண்டு நீங்கள் இதைக் கேட்கலாமா?

நொய்யல்கரை:

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். உவேனோ விஷயத்தைக் கணவரிடம் காட்டினேன். பத்து நிமிடம் பேசவில்லை. பிறகு அட்டவணையை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு சந்தேகங்கள். வண்டியைத் தவறவிட்டால் டிக்கெட் பணம் போச்சா? மாமியார் அன்று மதியம் என்ன சாப்பிடுவார்? காணாமல் போவதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே.

எதோகாவாக்காரி:

வண்டியைத் தவறவிட்டால் பணம் போகாது. அதே சீட்டை வைத்துக்கொண்டு அன்றைக்கே அடுத்து வரும் வண்டியில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறலாம். நொசோமியில் அப்படி இரண்டு பெட்டிகள்தான். ஹிகாரி என்ற இன்னொரு வகை ஷின்கான்செனில் முதல் ஐந்து பெட்டிகள். ஹிகாரி இன்னும் சில ஊர்களில் நின்று போகும், அவ்வளவுதான். வண்டிகள் டோக்கியோவிலிருந்தே புறப்படுவதால், கொஞ்சம் முன்னதாக வரிசையில் நின்றால் உட்கார இடம் கிடைக்கும். நீங்கள் மே நடுவில் வருவதால் இது செல்லும். ஏப்ரல் கடைசி, மே முதல் வார விடுமுறைக் கூட்டத்தில் நொசோமி முழுவதும் முன்பதிவாகிவிடும்.

மாமியாருக்கு ஊரிலிருந்தே புளிக்காய்ச்சல் கொண்டுவாருங்கள், நன்றாக எண்ணெய் பிரிந்ததாக. இங்கே எந்தச் சிறு கடையிலும் வேகவைத்த வெள்ளைச் சோறு மூடிய கிண்ணத்தில் விற்கும். விடுதி மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்து, காலையிலேயே கிளறி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊர் அரிசி ஒட்டிக்கொள்ளும். உதிரியாக வராது என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பழி உங்கள் மேல் விழும். முக்கோணச் சோற்றுருண்டைகளை சைவம் என்று நம்பி வாங்காதீர்கள். புளித்த பழம் வைத்ததில்கூட மீன்சாறு இருக்கலாம். பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவர வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

காணாமல் போவதைப் பற்றி வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். எனக்கும் அது ஒருமுறை நடந்திருக்கிறது.

மகனுக்கு ஐந்து வயது. ஒரு சனிக்கிழமை மாலை, யாமனோத்தேயில் வந்து அகிஹபராவில் இறங்கினோம். நான் இறங்கினேன், பெரியவள் இறங்கினாள். அவன் எதிர்க் கதவின் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு பக்கத்துத் தண்டவாளத்து வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கதவு மூடியது. அப்போதுதான் திரும்பினான். அவன் அழவில்லை. நான் ஏன் வெளியே நிற்கிறேன் என்று புரியாமல் பார்த்தான். அந்த முகம் அப்படியே நகர்ந்துபோயிற்று. நான் கத்தியது தமிழில். ஆனாலும் நிலைய ஊழியர் ஒருவர் ஓடிவந்தார். என் விரல் காட்டிய திசையைப் பார்த்தே புரிந்துகொண்டு போனை எடுத்தார். அடுத்த நிலையம் கண்டா, இரண்டு நிமிடம். அங்கே ஒரு வயதான அம்மாள் அவனோடு இறங்கி நின்றிருந்தார். கையைப் பிடித்தால் பயந்துவிடுவான் என்று நினைத்தாரோ என்னவோ, அவன் தொப்பியின் எலாஸ்டிக் நாடாவை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்ததும் நாடாவை விட்டுவிட்டுக் குனிந்து வணங்கிவிட்டு அடுத்த வண்டியில் ஏறிப்போய்விட்டார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு வரிசை உண்டு. பெரியவர் ஒருவர் முதலில், குழந்தைகள் நடுவில், பெரியவர் ஒருவர் கடைசியில். குழந்தை ஒருபோதும் கடைசியில் வரக் கூடாது. பிள்ளைகளுக்கு இரண்டே வாக்கியங்கள் சொல்லிக் கொடுங்கள். வண்டி உன்னைக் கொண்டுபோய்விட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நில், அம்மா வருவேன். நாங்கள் வண்டியில் போய்விட்டு நீ நின்றுவிட்டால் அசையாதே, அம்மா திரும்பி வருவேன். விடுதியின் பெயரையும் உங்கள் எண்ணையும் வரவேற்பறையில் ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கி, சட்டையின் உட்பக்கம் ஊக்கு போட்டுக் குத்திவிடுங்கள். கோவை வீட்டுக் கூடத்திலேயே நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் விளையாட்டாக நான்கு முறை ஒத்திகை பாருங்கள். பத்தடி முன்னால் போகும் மகளைக் கடைசிப் பெரியவருக்குத் துணையாகப் போடுங்கள். பொறுப்பு கொடுத்தால் நின்றுவிடுவாள்.

நொய்யல்கரை:

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சூட்கேஸ்களைத் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டோம். செவ்வாய்க்கிழமை நல்ல மழை. பத்து மணிக்குக் கிளம்பினோம். பச்சைக் கோட்டு வண்டி, நாற்காலி ஒத்திகைப்படியே ஏறினோம், இறங்கினோம். மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வந்தாள். பின்னால் யார் வருகிறார்கள் என்று எங்களுக்கு அடிக்கடி அறிக்கை வேறு. டோக்கியோ நிலையத்தில் நீலப் பலகைக்கு எதிரிலேயே, வண்டிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, மகன் உட்கார்ந்துவிட்டான். தூக்கினால் உடம்பை வளைத்துக்கொண்டு கத்தல். மாமியார் என்ன நினைத்தாரோ, அவரும் ஒரு தூண் ஓரமாகப் புடவையை ஒதுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கால் வலிக்கிறதடா என்றார். இருவரும் போகிறவர்களின் செருப்புகளை எண்ண ஆரம்பித்தார்கள். செருப்பு, ஷூ, மறுபடி ஷூ. மழை நாளானதால் ரப்பர் பூட்ஸ்களுக்குத் தனிக் கணக்கு. அவர்கள் எழுந்தபோது எங்கள் நொசோமி போய்விட்டிருந்தது.

நீங்கள் எழுதியது நினைவில் இல்லாவிட்டால் நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன் அக்கா. சீட்டைக் காட்டிக் கேட்டோம். ஹிகாரியில் முன்பதிவில்லாத பெட்டிக்கு வரிசையில் நின்றோம், ஐந்து பேருக்கும் இடம் கிடைத்தது. ஃபுஜி மலை தெரியவில்லை, முழுக்க மேகம். அந்த மலைக்குப் பக்கத்து ஊரில் காகித ஆலைப் புகைபோக்கிகள் வரிசையாக நின்றன. மகன் அவற்றைப் பார்த்து "இதுவா ஃபுஜி?" என்றான், ஆமாம் என்றுவிட்டேன். புளியோதரை உருண்டையாகத்தான் வந்தது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போனதும் நானே செய்கிறேன்" என்றார்.

இருக்கையின் மிதியை நான் சொல்லவில்லை. அவனே கண்டுபிடித்துவிட்டான். பின்வரிசையில் மஞ்சள் தொப்பியோடு உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, எங்கள் குடும்பம் முழுவதும் திடீரென்று தன்னை நோக்கித் திரும்பி வந்ததைப் பார்த்து வாயிலிருந்த பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டாள்.